ஆர்வம் இருந்தால் போதுமாம்

நாடகம் படிக்க வேண்டும், நாடகத்திலேயே வேலை செய்து பிழைக்க வேண்டும் என்று சென்னையில் ஒரு சேரிப் பையனோ பெண்ணோ வாய் திறந்து கேட்டால் கிடைக்கிற முதல் பதில் இதுதான்: "ஆர்வம் இருந்தா போதும் தம்பி, வா." கேட்க எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது! சாதி கேட்கவில்லை, மார்க் ஷீட் கேட்கவில்லை, ஃபீஸ்கூடக் கேட்கவில்லை. ஆர்வத்தை மட்டும் கேட்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். பையன் அங்கே இருக்கமாட்டான். தி.நகர் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருப்பான், இல்லையென்றால் பைக்கில் அடுத்தவன் வீட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் சுமந்துகொண்டிருப்பான். "நல்லாத்தான் பண்ணான், ஆனா கமிட்மென்ட் இல்ல" என்று குழுவில் உச்சுக்கொட்டுவார்கள்.

இந்தக் 'கமிட்மென்ட்' என்ற சொல்லுக்குள் என்ன சாதி ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், படித்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் ஷேக்ஸ்பியரைத் தமிழில் ஆடினார்கள். தமிழ் மேடையில் உரைநடை வசனத்தையும் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்கிற ஒழுங்கையும் கொண்டுவந்ததில் அந்தச் சபாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கூடவே இன்னொரு சரக்கையும் கொண்டுவந்தார்கள். அதுதான் 'அமெச்சூர்'. காசுக்கு ஆடுகிறவன் கூத்தாடி, காசு வாங்காமல் ஆடுகிறவன் கனவான். கலையைச் சோற்றிலிருந்து பிரித்தால்தான் கலைக்கு மரியாதை. யாருடைய சோறு ஏற்கெனவே வீட்டில் வெந்துகொண்டிருந்ததோ அவர்கள் போட்ட சட்டம் இது.

அதே காலத்தையொட்டி இந்தப் பக்கம் என்ன நடந்தது? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பையன்களை வைத்து நாடகம் பழக்கினார். பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. அடி உண்டு, பட்டினி உண்டு, சுரண்டல் உண்டு. அதைப் பொற்காலம் என்று நாம் புளுக வேண்டியதில்லை, அங்கே சாதி இல்லை என்றும் சொல்லவரவில்லை. ஆனால் ஒன்று இருந்தது. கம்பெனிக்குப் போன பையனுக்குச் சோறு, படுக்க இடம், சொல்லிக்கொடுக்க வாத்தியார் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. பள்ளிப்படிப்பு முடிக்காத எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர்.ராதா எல்லாரும் அந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை நடிகனாக ஆவதற்குத் தமிழ்நாட்டில் இருந்த ஒரே பள்ளிக்கூடம் அது. பேசும்படம் வந்து அந்தக் கம்பெனிகளைச் சாகடித்தபிறகு அந்த இடத்தில் வேறு எதையும் யாரும் கட்டவில்லை. மிஞ்சியது சபா.

மயிலாப்பூர், தி.நகர் சபா நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கே.பாலசந்தர் ஏஜிஸ் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டு நாடகம் போட்டவர். கிரேசி மோகன் கிண்டியில் எஞ்சினியரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். இவர்களைத் தனியாகக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உழைத்தார்கள், ஜனங்களைச் சிரிக்கவைத்தார்கள். ஆனால் அந்த நாடக உலகத்துக்கு அடியில் கிடந்த அஸ்திவாரத்தைப் பாருங்கள். காலையில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை, ஒண்ணாம் தேதி சம்பளம், ஆபீசிலிருந்து சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ பத்து நிமிஷத்தில் சபா. அந்த ஆபீஸ் நாற்காலிகளில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள்? வங்கியும் ஏஜிஸும் இன்ஷூரன்சும்தான் சபா நாடகத்தின் உண்மையான புரவலர்கள். மேடையில் தெரிந்த ஆர்வத்துக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது.

அந்த மேடையில் நமக்கு என்ன வேஷம் கிடைத்தது? வேலைக்காரி, ரிக்‌ஷாக்காரன், பேட்டை ரவுடி, திருடன். "இன்னா நைனா" என்று வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும். நம் வீட்டில் அம்மா பேசுகிற பாஷை, சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பாஷை, அங்கே ஜோக். அதே பாஷையோடு ஒரு மாணவன் போய் நின்றால், "உச்சரிப்பு சரியில்லப்பா, 'ழ' வரமாட்டேங்குது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவன் பாஷையை இன்னொருவன் பேசினால் நடிப்பு. அவனே பேசினால் குறை! என்னங்கய்யா நியாயம்?

இன்னொரு வேஷமும் இருக்கிறது. நந்தன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை உருகி உருகிப் பாடியவை இந்த மேடைகள்தாம். ஆண்டையிடம் கெஞ்சுகிற நந்தன், தில்லைக்குப் போக ஏங்குகிற நந்தன், தீயில் இறங்கிப் பார்ப்பனனாக எழுந்து வருகிற நந்தன். தீக்குளித்தால் உள்ளே விடுவார்கள். எரியாமல் வருகிற நந்தனுக்கு இடம் இல்லை, அவன் நாடகம் எழுதிக்கொண்டு வந்தால் சுத்தமாக இடம் இல்லை.

அடையாறுக்கு வாருங்கள். பிரம்மஞான சபைக்காரரான கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். பெசன்ட் நகரில் ஆல்காட் பள்ளி என்று இன்றைக்கும் அந்தப் பெயர் நிற்கிறது. அதே பிரம்மஞான சபையின் தோட்டத்திலிருந்துதான் 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பிறகு அது திருவான்மியூருக்குப் போனது. ஒரே மரத்தடியில் முளைத்த இரண்டு நிறுவனங்கள். ஒன்று நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, இன்னொன்று கலை. தேவதாசிகளின் சதிரை எடுத்துச் 'சுத்தம்' செய்து பரதநாட்டியமாக்கிய கலை. 1993இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நூறு வருஷமாக அந்தத் தூரத்தை நடக்க நம் பிள்ளைகளுக்கு யாரும் வழி காட்டவில்லை. எழுத்தறிவு போதும் உங்களுக்கு, கலை எங்கள் டிபார்ட்மெண்ட் என்பதுதான் சொல்லப்படாத ஒப்பந்தம். 2015 வாக்கில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்துச் சபாக் கலைஞர்களைக் கடற்கரைக்குக் கூட்டிவந்தார்கள். நல்ல காரியம்தான். குப்பத்துக்குக் கச்சேரி வந்தது, சரி. குப்பத்துப் பிள்ளை நாடகக்காரனாக ஆக என்ன வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

"சபாவை விடுங்க தோழர், நவீன நாடகம் வேற" என்பார்கள். வேறுதான். 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே.ராமானுஜம் நடத்திய பட்டறை, அதே ஆண்டு ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்ஷா, 1980இல் சோழமண்டலத்துக்கு வந்து பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை, பின்னால் பிரளயனின் சென்னைக் கலைக்குழு, மங்கையின் மௌனக்குரல். இவையெல்லாம் சபாவின் முகத்தில் அறைந்த முயற்சிகள். ஞாநி இன்னொன்றும் செய்தார். நாடகம் போடப் போலீசிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்துக் கைகட்டி நிற்கவைத்த 1954ஆம் வருஷச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. இன்றைக்கு நம் பையன் பயமில்லாமல் தெருவில் நாடகம் போட முடிகிறதென்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் கூலி விஷயத்தில் நவீன நாடகமும் பெரும்பாலும் பம்மலின் பேரப்பிள்ளைதான். பகலில் வங்கி, பல்கலைக்கழகம், பத்திரிகை ஆபீஸ், மாலையில் புரட்சி. கூத்துப்பட்டறை ஒன்றுதான் நடிகனை முழுநேரமாக வைத்து மாதச் சம்பளம் கொடுத்துப் பார்த்தது. ஃபோர்டு பவுண்டேஷன் பணம் அது. அந்தக் காலத்தில் இடதுசாரி நண்பர்கள் சாமியாடினார்கள்: ஏகாதிபத்தியப் பணம்! இருக்கட்டும். திட்டியவர்களில் எத்தனை பேர் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்காதவர்கள்? புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்திலிருந்து அடவை எடுத்துக்கொண்டார்கள், உடம்பை எடுத்துக்கொண்டார்கள், நகரத்தில் அது 'பயிற்சி'யானது. இந்த விமர்சனம் நமக்கும் உண்டு. ஆனால் நடிப்பு ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதப் போனவர், பார்த்துப் பார்த்து நடிகரானவர். கணக்கெழுதவும் ஒரு சம்பளம் இருந்ததால்தானே அங்கே உட்கார்ந்து பார்க்க முடிந்தது?

அப்புறம் எல்லாரும் கோடம்பாக்கம் போய்விட்டார்கள் என்று ஒரு புலம்பல். போகாமல்? வயிறு இருக்கிறதே. இதிலும் ஒரு சாதிக் கணக்கு உண்டு. மைலாப்பூர்ப் பையன் நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனால் அது 'வளர்ச்சி'. சேரிப் பையன் நாடகக்குழுவின் வாசலில் வந்து நின்றாலே, "இவன் சினிமா ஆசையில வந்தவன்" என்று பட்டம். அவன் ஆர்வத்துக்கு மட்டும் சாட்சி கேட்கிறார்கள்.

பட்டப்படிப்பாகப் படிக்கலாமே என்றால், சென்னைப் பிள்ளைக்குச் சொல்லப்படுகிற முகவரி பாண்டிச்சேரி, தஞ்சாவூர். துணிச்சல் இருந்தால் டெல்லி. 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் உதவித்தொகை உண்டு, ஆனால் முதலில் இந்தியோடு மல்லுக்கட்ட வேண்டும். இத்தனை சபா, இத்தனை டிசம்பர் சீசன், கலைமாமணி கொடுக்கிற இயல் இசை நாடக மன்றம் எல்லாம் இருக்கிற ஊரில், ஒரு பிள்ளை நாடகம் படிக்கப் பஸ் ஏறி வெளியூர் போகச் சொல்கிறார்கள். மன்றத்தின் பெயரில் நாடகம் மூன்றாவதாக நிற்கிறது. வரிசை சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சுயமரியாதை இயக்கத்துக்காரர்களைக் கேட்காமல் விட முடியாது. நாடகம் எழுதி, நடித்து, நாடகத்தால் ஜனங்களைத் திரட்டி ஆட்சிக்கு வந்தவர்கள் அல்லவா? அண்ணா எழுதினார், நடித்தார். கலைஞர் எழுதினார், நடித்தார். எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை. ஜெயலலிதாகூட ஒய்.ஜி.பி. குழுவில் மேடையேறியவர். இத்தனை நாடகக்காரர்கள் ஆண்ட மாநிலம் இந்தியாவிலேயே வேறு இருக்கிறதா? அரசுப் பள்ளியில் ஓவியத்துக்கு ஆசிரியர் பணியிடம் உண்டு, தையலுக்கு உண்டு, பாட்டுக்கு உண்டு, உடற்பயிற்சிக்கு உண்டு. நாடகத்துக்கு? ஏணியில் ஏறி மாடிக்குப் போனவர்கள் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், போட்டி, பரிசு எல்லாம் உண்டு. பரிசு வாங்கிய பிள்ளை மறுநாள் காலையில் யாரிடம் போய்க் கற்றுக்கொள்ளும்? அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத் தனியார் பள்ளிகளில் 'தியேட்டர் கிளாஸ்' என்று தனி மாஸ்டர் வருகிறார். 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்'டாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிற நாக்கை இன்னும் நீட்டிக்கொடுக்க ஒரு மாஸ்டர். நாக்கு அறுபட்ட பிள்ளைகளுக்கு யாரும் இல்லை.

முடியாத காரியம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1989இல் கர்நாடக அரசு மைசூரில் ரங்காயணாவைத் தொடங்கி, பி.வி.காரந்தைத் தலைமையில் வைத்து, நடிகர்களைச் சம்பளத்துக்கு எடுத்தது. இங்கேயே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெ.ராஜகோபாலின் கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை நடந்தது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒரே வளாகத்தில் படித்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அதுவும் மூடிப்போனது. அமெரிக்காவில் 1935 முதல் 1939 வரை அரசாங்கமே வேலையில்லாத நாடகக்காரர்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்தது. அதில் கறுப்பர்களுக்கென்று தனிப் பிரிவுகள் இருந்தன. 1936இல் ஹார்லெமில் லஃபாயெத் அரங்கத்தில் கறுப்பு நடிகர்களே ஆடிய 'மக்பெத்' ஊரையே திரட்டியது. அமெரிக்கப் பாராளுமன்றம் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டிப் பணத்தை நிறுத்தியது. 1965இல் அமிரி பராக்கா அதே ஹார்லெமில் கறுப்பர் நாடகப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். வறுமை ஒழிப்புப் பணத்திலும் கொஞ்சம் வந்தது, அது நின்றதும் பள்ளியும் சீக்கிரம் நின்றது. கறுப்பர்களிடம் ஆர்வம் குறைந்தா போனது? பணம் நின்றது, மேடை நின்றது. அவ்வளவுதான் சூத்திரம்.

நம்மவர்களில் கே.ஏ.குணசேகரனை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சேரியிலிருந்து கிளம்பிய மனுஷன். பாட்டு, ஆட்டம், நாட்டார் கலை ஆராய்ச்சி என்று போய், 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகப் பாடி, 'பலி ஆடுகள்' எழுதினார். தமிழில் தலித் நாடகம் என்று பெயர் சொல்லி நின்ற முதல் நாடகம். தலித் பெண்மீது சாதியும் ஆணும் சேர்ந்து ஏறி நிற்பதை நம் முகத்துக்கு நேரே காட்டிய நாடகம். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கிற நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக, தலைவராக இருந்தார். தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் வந்தார். 2016இல் போய்விட்டார். அவருடைய 'வடு'வைப் படித்தவர்களுக்குத் தெரியும், பசியும் படிப்பும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று. அவருக்கு ஆர்வம் மலையளவு இருந்தது. ஆனால் அவரை நிறுத்தியது படிப்பும் அதற்குப் பின்னால் கிடைத்த சம்பள உத்தியோகமும். நம் மேடைகளில் அவர் பாட்டைப் போடுகிறோம், பேனரில் படம் போடுகிறோம். அவர் உட்கார்ந்திருந்த மாதிரி நாற்காலிகள் இன்னும் நாலு வேண்டும் என்று எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டோம்?

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறத்தான் வேண்டும். இயக்கக் கூட்டம் என்றால் கலைக்குழுவைக் கூப்பிடுகிறோம். எதற்கு? தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க. பறை அடி, பாட்டுப் பாடு, தலைவர் கார் வந்தவுடன் பாட்டைப் பாதியில் நிறுத்து. ராத்திரி ஒரு பிரியாணிப் பொட்டலமும் பஸ் காசும். காலேஜ் பிள்ளைகள் அவர்கள், பரீட்சை இருக்கும். மைக் செட்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முழுக் கூலி எண்ணிக் கொடுக்கிறோம், கொடுக்காவிட்டால் அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். நடிக்கிற பிள்ளைக்கு மட்டும் "நம்ம இயக்கம்தானே தம்பி." பார்ப்பான் சொன்ன 'ஆர்வம்' நம் வாயில் 'உணர்வு' என்று வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது. சாவுக்குப் பறையடித்துக் கூலி கேட்டால் அடி விழுந்த பரம்பரை நாம். நாமே கூலி கொடுக்காமல் அடிக்கச் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

"டிராமா படிச்சா சோறு போடுமா?" என்று கேட்கிற அம்மாவைப் பிற்போக்கு என்று பேசுகிற முற்போக்குகளையும் பார்த்தாயிற்று. அந்தம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவனைக் காலேஜுக்கு அனுப்புகிறாள், அந்த வீட்டிலேயே முதல் பட்டதாரி. அவள் கேட்பது மிகச் சரியான கேள்வி. இந்தக் கேள்வியைச் சபாக்காரர்களின் வீட்டில் யாரும் கேட்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை என்பதுதான் விஷயம். அவளுக்குப் பதில் சொல்லவேண்டியது பையன் இல்லை, அரசாங்கமும் அரங்கக்காரர்களும் நாமும்.

நம்மால் பெரிய மேடையைத் தாங்க முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். 2017இல் தேனாம்பேட்டை காமராஜர் அரங்கத்தில் 'மஞ்சள்' நாடகம் போட்டபோது போனவர்களைக் கேளுங்கள். பாஷா சிங்கின் நூலை வைத்து ஜெயராணி எழுதி, ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கி, கட்டியக்காரி குழு ஆடியது. மலம் அள்ளுகிற வேலையை, அதைச் சாதியாக்கி வைத்திருக்கிற சமூகத்தை மேடையில் நிறுத்தியது. சபாவில் நுழைய முடியாத நாற்றத்தை மவுண்ட் ரோடு மேடையில் ஏற்றியாயிற்று. இதைக் கேட்க நமக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஜோதிராவ் புலே 1855இலேயே 'திருதீய ரத்னா' என்று கல்வியைப் பற்றி ஒரு நாடகம் எழுதிப் புனேயில் தட்சிணைப் பரிசுக் கமிட்டிக்குக் கொடுத்தார். கமிட்டி நிராகரித்துவிட்டது. கமிட்டியில் யார் இருந்திருப்பார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. கதவு சாத்தப்பட்ட தேதி அது. நாடகம் படிக்க வருகிற நம் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரைப் படிக்கட்டும், பிரெக்டைப் படிக்கட்டும், போவாலைப் படிக்கட்டும், கூடவே இந்தத் தேதியையும் படிக்கட்டும்.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவோம். சென்னையிலேயே அரசு நாடகப் பள்ளி ஒன்று வேண்டும், விடுதியோடு, மாத உதவித்தொகையோடு, இட ஒதுக்கீட்டோடு. தமிழில் பாடம், அந்தத் தமிழில் நம் தமிழும் சேர்த்தி. மாநகராட்சிப் பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடம் வேண்டும். அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு அதுவே வேலை. ரங்காயணா மாதிரி சம்பளக் குழு ஒன்று வேண்டும். அரசு மானியம் வாங்குகிற எந்தச் சபாவும் மாதத்தில் சில நாள் மாணவர் நாடகத்துக்கு வாடகையில்லாமல் மேடையையும் லைட்டையும் தர வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்கள் டிசம்பரில் ஒருநாள் ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் ஸ்பான்சர் பேனர்களைப் படித்துக்கொண்டே நடந்துபோகட்டும்.

அதுவரை நாடகக்குழுக்காரர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த நம் குடிசைகளை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெயர்த்துக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். மயிலாப்பூரில் ஒத்திகை முடிகிற இடத்துக்கும் பிள்ளை படுக்கிற இடத்துக்கும் நடுவே இருபது கிலோமீட்டர். பெண்பிள்ளை என்றால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அரைமணி நேரமும் கணக்கு. ஒத்திகையை ஏழு மணிக்கு வைத்து ஒன்பதரைக்கு முடித்துவிட்டு, பாதியில் எழுந்து போகிற பெண்ணைக் 'கமிட்மென்ட் இல்லாதவள்' என்று பேசுகிறவர்கள், பெரும்பாக்கத்துக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு நேரம் குறிக்கட்டும். ஆட்டோ காசைக் குழுவின் செலவுக் கணக்கில் முதல் வரியில் எழுதட்டும்.